வாள், பகடை, சூட்கேஸ்: பழைய ஜப்பானியப் படங்கள் – கேள்வி பதில்

கேள்வி: ‘செவன் சாமுராய்’ பார்த்துவிட்டேன். அடுத்து எங்கே போவது? எந்தப் பட்டியலை எடுத்தாலும் குரோசாவாவைத் தாண்டுவதே இல்லை.

மூன்று படங்களை இந்த வரிசையில் பாருங்கள்: குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961), கென்ஜி மிசுமியின் முதல் ‘ஸடோய்ச்சி’ (1962), மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962). இரண்டு ஆண்டுக்குள் வந்த இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு ஸ்டுடியோக்களில் பிறந்தவை: தோஹோ, டாயே, ஷோச்சிகு. பழைய ஜப்பானியப் படத்தை எடை போட ஸ்டுடியோ பெயர்தான் முதல் துப்பு. தோயே (டாயே வேறு, இது வேறு) என்றால் மலிவான, வேகமான வாள் படம், பிறகு கும்பல் படம். நிக்காட்சு என்றால் இளைஞர்களுக்கான அதிரடி. ஷோச்சிகு என்றால் குடும்பமும் சிரிப்பும். ‘ஹராகிரி’ அங்கே வந்தது விதிவிலக்கு.

1958-இல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட் சுமார் 112 கோடி. 1960-இல் மட்டும் 547 படங்கள் எடுத்தார்கள். வாராவாரம் இரண்டு படம் சேர்த்துப் போட வேண்டிய அவசரம் அது. அந்த அவசரத்துக்குள் உட்கார்ந்து இவ்வளவு நல்ல படங்களை எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இந்த வகைப் படங்களின் மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம்.

கேள்வி: ஜிடாய்கெகி, சாம்பரா இரண்டும் ஒன்றா?

ஜிடாய்கெகி என்பது பெரிய வட்டம். பெரும்பாலும் 1868-க்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதைகள். அதில் வாளே வராத படங்களும் உண்டு. வாள் சண்டையே பிரதானம் என்றால் சாம்பரா. வாளும் வாளும் மோதும் ‘சான்சான் பராபரா’ என்ற ஒலிக்குறிப்பின் சுருக்கம் அது. நம் ‘சடசட’, ‘மளமள’ மாதிரி.

கேள்வி: நான் பார்த்த ‘செவன் சாமுராய்’ 160 நிமிடம்தான் ஓடியது. நண்பர் மூன்றரை மணி நேரம் என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர் சொல்வது சரி. முழுப் படம் 207 நிமிடம், நடுவில் இடைவேளையோடு. வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். சாமுராய்களைத் தேடிச் சேர்க்கும் பகுதியும் ஊரைப் பாதுகாப்புக்குத் தயார் செய்யும் பகுதியும் முழுதாக இருந்தால்தான் கடைசி மழைச் சண்டையில் யார் எந்த மூலையைக் காக்கிறார், எங்கே வேலி, எங்கே தண்ணீர் நிறைத்த வயல் என்று தெளிவாகத் தெரியும்.

எந்தப் பிரதியை எடுத்தாலும் மூன்றைச் சரிபாருங்கள். முதலில் நிமிடக் கணக்கு. அடுத்து படச்சட்டத்தின் வடிவம். 1957-இல் தோயே அகலத்திரையைக் கொண்டுவந்தது. ஓரிரு வருடத்தில் மற்ற ஸ்டுடியோக்களும் மாறின. ஆகவே 1954-இல் வந்த படம் கிட்டத்தட்ட சதுரமாகத் தெரிய வேண்டும், 1961-இல் வந்த ‘யோஜிம்போ’ மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு அகலமாகத் தெரிய வேண்டும். அகலப் படம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தால் இரு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘யோஜிம்போ’வில் இரண்டு கும்பல்களும் தெருவின் இரு முனையில் நிற்க, நடுவில் நாயகன் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்; வெட்டிய பிரதியில் ஒரு கும்பலே காணாமல் போய்விடும். மூன்றாவது உங்கள் டிவி. அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சண்டைக்கு நடுவே வரும் அந்த நொடிநேர உறைவை அது மழுங்கடித்துவிடும்.

கேள்வி: வாள் சண்டைகளில் நிஜ வாளா பயன்படுத்தினார்கள்?

வழக்கமாக இல்லை. மூங்கிலிலோ மரத்திலோ அலகு செய்து, மேலே வெள்ளித் தாள் ஒட்டுவார்கள். அதற்கு ‘தகேமிட்சு’ என்று பெயர். எடை குறைவு, உடம்பில் பட்டாலும் ஆபத்து குறைவு. குறை என்னவென்றால் வெளிச்சம் பட்டால் தட்டையாக மின்னும். அதனால் அருகாமைக் காட்சிகளுக்கு உலோக அலகுகள். சண்டையை அமைப்பவர் ‘ததேஷி’. ‘யோஜிம்போ’, ‘சன்ஜூரோ’ இரண்டுக்கும் ரியூ குசே அந்த வேலையைச் செய்தார்.

அதுவரை வாள் படங்களில் சதையில் வெட்டு விழும் ஓசை சேர்க்கும் வழக்கம் இல்லை. ‘யோஜிம்போ’வில் அதைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ‘சன்ஜூரோ’வின் கடைசி மோதலில் இருவரும் நெடுநேரம் அசையாமல் நிற்பார்கள், ஒரே வீச்சு, எதிராளியின் மார்பிலிருந்து ரத்தம் ஊற்றாகப் பீறிடும். நடிகர் தத்சுயா நகாதாயின் உடைக்குள் மறைத்த குழாயில் அழுத்தம் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த ஒரு காட்சியைப் பார்த்துப் பின்னால் வந்த படங்கள் எல்லாம் ரத்தத்தைப் பீய்ச்சத் தொடங்கின. ஆனால் குரோசாவா அதற்கு முன்னால் வைத்த அந்த நீண்ட மௌனத்தைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. காட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ‘ஹராகிரி’யை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். எதற்கு இவ்வளவு புகழ்ச்சி?

திரும்பவும் போடுங்கள், இந்த முறை பின்னணியோடு. கதை நடப்பது 1630-இல். 1600-இல் செக்கிகஹாரா போர் முடிந்து தொகுகாவா ஆட்சி நிலைத்தபின், பல பிரபுக் குடும்பங்களை அரசு கலைத்துவிட்டது. அவர்களை நம்பியிருந்த வீரர்கள் எஜமான் இல்லாத ரோனின்களாகத் தெருவுக்கு வந்தார்கள். பசி தாங்காத சிலர் பெரிய வீட்டு வாசலில் போய், “உங்கள் முற்றத்தில் கௌரவமாக வயிற்றைக் கிழித்துச் சாக அனுமதி வேண்டும்” என்று கேட்பார்கள். தொல்லை எதற்கென்று கையில் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை.

படத்தில் ஈயி வீட்டுக்கு அப்படி வந்த ஓர் இளைஞனை அவர்கள் அனுப்பவில்லை. செய்தே ஆக வேண்டும் என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அவன் இடுப்பில் இருந்தது மூங்கில் அலகு. நிஜ அலகை எப்போதோ விற்றுவிட்டான். மேலே சொன்ன தகேமிட்சு சினிமாக்காரர்களுக்கு வெறும் சாமான். இந்தப் படத்தில் முழு வழக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. அடுத்து வந்து உட்காரும் பெரியவர் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பது இரண்டாவது மணியில் விளங்கும். முதல் காட்சியில் காட்டும் வெற்றுக் கவசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோரு தகேமிட்சுவின் இசையில் பிவா என்ற ஜப்பானிய இசைக்கருவியின் நரம்பு அறுகிற மாதிரி ஒலிக்கும் இடங்களையும் கவனியுங்கள். வாள் படங்களிலேயே இதுதான் உச்சம் என்பது என் தீர்மானம்.

கேள்வி: ஸடோய்ச்சி வரிசையில் 26 படம் இருக்கிறதே, எல்லாம் பார்க்கணுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. 1962 முதல் 1973 வரை 25, பிறகு 1989-இல் ஒன்று. எல்லாவற்றிலும் ஷிந்தாரோ கட்சுதான். முதல் இரண்டும் கறுப்பு வெள்ளை. இரண்டாவது முதல் படத்தின் தொடர்ச்சி என்பதால் இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். மூன்றாவதிலிருந்து வண்ணம். அதன்பின் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம். 20-ஆவது படத்தில் ‘யோஜிம்போ’ நாயகன் தொஷிரோ மிஃபுனே வருகிறார் என்று ஆசையாக அங்கேயே தொடங்குகிறவர்கள் உண்டு. தொடங்க ஏற்ற இடம் அது இல்லை, படம் கொஞ்சம் கனத்துப் போயிருக்கும்.

‘ஸடோ’ என்பது பார்வையற்றோர் சங்கத்தின் நான்கு படிகளில் கடைசிப் படி, ‘இச்சி’ பெயர். உடம்பு பிடித்துவிடுவது தொழில், சூதாட்டம் பழக்கம். இரண்டு வாள் அணியும் உரிமை சாமுராய்க்கு மட்டும்தான். ஆகவே இவர் வாள் கைத்தடிக்குள். அதைத் தலைகீழ்ப் பிடியில் உருவுவதால் வீச்சு குறுகலாக, உடம்பை ஒட்டிச் சுழலும். எதிரி நெருங்கி வரும்வரை காத்திருப்பதும் அதனால்தான்.

கேள்வி: யாகூசா படங்கள் ‘காட்ஃபாதர்’ போல இருக்குமா?

முதலில் அந்தச் சொல். ஒரு பழைய சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டுகளைக் கூட்டி, கடைசி இலக்கத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 8, 9, 3 வந்தால் கூட்டுத்தொகை 20, மதிப்பு பூஜ்யம். யா, கூ, சா என்பவை அந்த மூன்று எண்கள். ஒன்றுக்கும் உதவாத கை என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர்கள்.

படங்கள் இரண்டு காலம். 1963-இலிருந்து சுமார் பத்து ஆண்டு தோயே எடுத்தவை ‘நின்க்யோ’ படங்கள்: கென் தகாகுரா, கோஜி ட்சுருதா, ஜுன்கோ ஃபுஜி. கதை ஏறக்குறைய ஒன்றே. நேர்மையான பழைய கும்பல் ஒன்று, அதிகாரிகளோடு கைகோத்த புதிய கும்பல் ஒன்று. நாயகன் அவமானத்தை எல்லாம் பல்லைக் கடித்துப் பொறுப்பான். பெரியவரை எதிரிகள் கொன்றபின் இரவில், பாட்டு ஒலிக்க, ஒரு நண்பனோடு எதிரி வீட்டை நோக்கி நடப்பான். பார்வையாளர்கள் அந்த நடைக்காகவே வந்தார்கள். இதில் ‘ஜிங்கி’ என்ற சொல் முக்கியம்: கும்பலின் அறம், கட்டுப்பாடு. புது ஊருக்குப் போனால் காலை அகட்டிக் குனிந்து, உள்ளங்கையை முன்னே நீட்டி, பிறந்த ஊர், பெயர் எல்லாம் ஒரு தாளத்தில் ஒப்பிப்பதற்கும் அதே பெயர்.

1973-இல் கின்ஜி ஃபுகாசாகுவின் படம் வந்தது. தலைப்பே ‘ஜிங்கி இல்லாத சண்டைகள்’. ஹிரோஷிமாவின் அணுகுண்டுப் புகையில் தொடங்கி, அருகிலுள்ள குரே நகரத்தின் கள்ளச்சந்தைக்குள் தோளில் வைத்த கேமராவோடு பாய்கிறது. ஒருவன் செத்தால் படம் உறைந்து, பெயரும் தேதியும் திரையில் விழும். பழைய படங்களில் விரலை வெட்டிக்கொள்வது புனிதச் சடங்கு. இதில் வெட்டிய விரல் துள்ளிப் போய்க் கோழிகளுக்கு நடுவில் விழ, எல்லோரும் குனிந்து தேடுகிறார்கள். பத்து வருடப் படங்கள் கட்டிய கோபுரத்தை அந்த ஒரு காட்சி சாய்த்துவிடுகிறது.

கேள்வி: அதைத்தான் பார்த்தேன். ஆட்கள் யாரென்றே புரியவில்லை சார்.

எல்லோருக்கும் நேர்வதுதான். ஒரு தாளில் மூன்று பெயர் மட்டும் எழுதுங்கள்: ஹிரோனோ (புன்தா சுகவாரா), அவன் தலைவர் யமமோரி (நோபுவோ கனேகோ), துணைத்தலைவன் சகாய் (ஹிரோகி மட்சுகதா). புதிதாக ஒருவன் வந்தால் இந்த மூவரில் யார் பக்கம் என்று மட்டும் பாருங்கள், போதும். அடுத்த பொறி: 1973, 74-இல் வந்த ஐந்து பாகங்களிலும் அதே நடிகர்கள் வேறு பாத்திரங்களில் திரும்ப வருவார்கள். மட்சுகதா முதல் பாகத்தில் செத்து, நான்காவதில் வேறு ஆளாக வருவார். குழப்பம் உங்களுடையது இல்லை. இரண்டாம் பாகம் வேறொரு இளைஞன் கதை. மூன்றும் நான்கும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியவை.

ஆங்கில வசன எழுத்தில் இன்னொரு நஷ்டம். ஜப்பானிய மொழியில் ‘அனாதா’, ‘ஒமாயே’, ‘கிசாமா’ என்று மரியாதை இறங்கிக்கொண்டே போவது ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது, ‘நீ’ எப்போது ‘டேய்’ ஆனது என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பிடிபடும். கீழே வாசித்துக்கொண்டே குரலையும் கவனியுங்கள்.

கேள்வி: இயக்குநர் சீஜுன் சுசுகியை வேலையிலிருந்து தூக்கியது உண்மையா?

உண்மை. ‘கோரோஷி நோ ராகுயின்’ (1967) படத்துக்குப் பின், படங்கள் புரியவில்லை என்று 1968-இல் நிக்காட்சு நீக்கியது. அவர் வழக்குப் போட்டார், 1971-இல் சமரசம். அடுத்த திரைப்படம் 1977-இல்தான். ‘கோரோஷி நோ ராகுயின்’ பார்க்கும் முன் ‘டோக்கியோ டிரிஃப்டர்’ (1966) பார்த்துவிடுங்கள். சட்டகத்தை அவர் எங்கே உடைக்கிறார் என்று தெரியும்.

கேள்வி: போருக்கு முந்தைய வாள் படங்கள் ஏன் கிடைப்பதில்லை?

பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1945-க்குப்பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பழிவாங்கலையும் நிலப்பிரபுத்துவ விசுவாசத்தையும் போற்றும் படங்களைத் தடுத்தது; 1952 வரை கெடுபிடி. சதாவோ யமனாகா இருபதுக்கு மேல் படம் எடுத்தார், 1938-இல் 28 வயதில் சீனாவில் படைவீரராக இறந்தார். முழுதாக எஞ்சியவை மூன்று. அதில் ‘மனிதமும் காகிதப் பலூன்களும்’ (1937) கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ‘அந்த நாள்’ ராஷோமோனின் தழுவலா?

தூண்டுதல் அங்கிருந்து, கதை வேறு. ‘ராஷோமோன்’ (1950) ஒரே சம்பவத்தை ஒன்றோடொன்று பொருந்தாத வாக்குமூலங்களாகச் சொல்கிறது, உண்மை கடைசிவரை நழுவுகிறது. எஸ். பாலசந்தரின் 1954 படத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள், முடிவில் விடை உண்டு.

கேள்வி: நகைச்சுவைப் படங்கள் நமக்குப் புரியுமா?

வாய்ப்பேச்சுச் சிலேடை கொஞ்சம் போகும், மற்றது புரியும். யூசோ கவாஷிமாவின் ‘பகுமட்சு தையோதென்’ (1957) முதலில். 1862-இல் ஷினாகவா விலைமாதர் விடுதியில் கூத்தடித்துவிட்டு, காசில்லை என்று சொல்லி அங்கேயே தங்கி, எல்லார் சிக்கலையும் தீர்த்துக் கமிஷன் வாங்கும் ஒருவனின் கதை. மெத்தையில் உட்கார்ந்து, விசிறியும் கைத்துண்டும் மட்டும் வைத்துக் கதை சொல்லும் ராகுகோ கலையிலிருந்து எடுத்தது. ஃபிராங்கி சகாய் கிமோனோவைத் தூக்கிப் போட்டு அணியும் லாகவத்துக்கே இரண்டு முறை பார்க்கலாம்.

பிறகு தோரா-சான். யோஜி யமாதா உருவாக்கிய இந்த வரிசையில் 1969 முதல் 1995 வரை கியோஷி அட்சுமி நடித்தவை 48 படம். இரண்டைத் தவிர எல்லாம் யமாதாவே இயக்கினார். கட்டம்போட்ட கோட்டு, வயிற்றுப்பட்டை, ஒரு சூட்கேஸ். திருவிழாக்களில் கூவி விற்கும் நாடோடி வியாபாரி, டோக்கியோவில் தன் வீடு இருக்கும் ஷிபமாதாவுக்குத் திரும்பி வருவார், வீட்டில் சண்டை போடுவார், ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பார், சொல்லாமலே கிளம்பிவிடுவார். தொடக்கத்தில் அவர் ஊரும் பேரும் ஒப்பிப்பதைக் கேளுங்கள். கும்பல் படங்களில் வாசலில் குனிந்து சொல்லும் அதே ஜிங்கி. ஃபுகாசாகு உடைத்துப் போட்டதை, அதே காலத்தில் யமாதா சிரிப்புக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள். தங்கை சகுராவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவாக எழுந்து பேசுகிறவர் தகாஷி ஷிமுரா, ஏழு சாமுராய்களின் தலைவர். 38-ஆவது படத்தில் ஹொக்கைடோவின் முரட்டுக் கால்நடை மருத்துவராக மிஃபுனே வருகிறார். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.