நிற்பது வேறு, விளைவது வேறு: வயல், கடல், அலையாத்தி குறித்த கேள்வி பதில்

கேள்வி (திருவையாறு, விவசாயி): நன்செய் வயலைவிடக் காடுதான் அதிகம் விளைவிக்கிறது என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: முதலில் இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். ஒளிச்சேர்க்கையில் சேர்த்ததில் செடி தன் சுவாசத்துக்குச் செலவிட்டதுபோக மிஞ்சுவதே நிகர முதன்மை உற்பத்தி; அதை ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் சேரும் உலர் எடையாகச் சொல்வது வழக்கம். சூழலியலாளர் விட்டேக்கர் 1970களில் தொகுத்த உலகச் சராசரியில் வெப்பமண்டல மழைக்காட்டுக்கு ஏறத்தாழ 2,200 கிராம், பயிர் நிலத்துக்கு 650 கிராம். ஆனால் அந்த 650 வறண்ட மானாவாரி நிலங்களையும் சேர்த்த கணக்கு. ஹெக்டேருக்கு 5 டன் நெல் காணும் வயலில் சதுர மீட்டருக்கு அரை கிலோ நெல்லும் ஏறத்தாழ அதே அளவு வைக்கோலும் கிடைக்கின்றன. வேரும் தூரும் தனி. குறுவையும் தாளடியும் எடுத்தால் மொத்தம் 2 கிலோவை நெருங்கும். ஆகவே உங்கள் வயல் காட்டுக்கு இளைத்ததன்று; ஆனால் அது உரத்தையும் பாசனத்தையும் நம்பியிருக்கிறது, காடு உதிர்ந்த சருகையே மக்க வைத்து உண்கிறது.

கேள்வி (கும்பகோணம்): வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையின் விளைச்சல் எப்படி?

பதில்: மிக வேகமாக வளர்வதுதான். ஆனால் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், காய வைத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

கேள்வி (நாகப்பட்டினம், மீனவர்): கடல் இவ்வளவு பரந்திருந்தும் உற்பத்தி குறைவு என்பது எப்படி?

பதில்: ஆழ்கடலில் சதுர மீட்டருக்குச் சுமார் 125 கிராம்தான். ஆனால் பரப்பு பெரிது என்பதால், 1998இல் வெளியான ஒரு கணிப்பின்படி, புவியின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 46 விழுக்காடு கடலுடையது. வியப்பு எதுவென்றால், இதைச் செய்யும் மிதவை நுண்பாசிகளின் எடை உலகத் தாவரங்களின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சில நாட்களிலேயே அவை பெருகுகின்றன, உண்ணப்பட்டும் விடுகின்றன. மரம் சேர்த்து வைக்கும், பாசி சேர்த்து வைக்காது. தெளிந்த நீலத்தைவிடக் கரையோரப் பச்சை நீரில் மீன் அதிகம் படுவதற்கும், ஆறும் அடிமண்ணும் தரும் ஊட்டச்சத்தே முக்கியக் காரணம்.

கேள்வி (முத்துப்பேட்டை, மாணவி): எங்கள் அலையாத்திக் காட்டின் உற்பத்தி அட்டவணையில் சதுப்பு நிலச் சராசரியையே எழுதலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சதுப்பு நிலங்களின் சராசரி 2,000 கிராமும் அதற்கு மேலும் உண்டு. உங்கள் காட்டில் பெரும்பாலும் நிற்பதோ, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம். அதன் இலையின் அடிப்புறத்தை விரலால் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உள்ளே வந்த உப்பை வெளியேற்றவும் மரம் ஆற்றலைச் செலவிடுகிறது. நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு ஏறும் இடங்களில் மரம் குட்டையாகிவிடும். நீங்களே அளந்து பாருங்கள்: மரத்தடியில், ஓத நீர் எட்டாத உயரத்தில், ஒரு சதுர மீட்டர் வலையைக் கட்டி, மாதந்தோறும் விழும் இலை, பூ, காய்களைக் காய வைத்து நிறுத்து ஓராண்டு குறித்து வாருங்கள். அது உதிர்ந்த பங்கு மட்டுமே. தண்டும் சேற்றுக்குள் வளரும் வேரும் அந்தக் கணக்கில் வாரா என்பதை அட்டவணையின் கீழே தவறாமல் எழுதுங்கள்.