அபராதம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறோம். வண்டி நிறுத்தும் தகராறில் போன வருஷம் என் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கைகலப்பு. இப்போது கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. காகிதம் முழுக்கக் கன்னடம். 126, 115, 352, 351 என்ற எண்கள் மட்டும் புரிகின்றன. “தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்கிறார்கள். மகன் ரயில்வே தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறான். என்ன செய்வது?

பதில்: அம்மா, ஃபைன் கட்டும் யோசனைக்கு மட்டும் இப்போது சம்மதிக்காதீர்கள். நூறு ரூபாய் அபராதமானாலும் அது குற்றவாளி என்ற தீர்ப்புதான். தானே ஒப்புக்கொண்டவர் அப்பீலில் தண்டனையின் அளவையும், அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே கேட்க முடியும். “நான் அடிக்கவில்லை” என்று பிறகு சொல்ல வழியில்லை. வாய்தாவுக்கு அலைய முடியாமல் இப்படி ஒப்புக்கொண்ட பிள்ளைகள், வேலை கிடைக்கும் நேரத்தில் என் மேசைக்கு முன் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள். 126 வழிமறித்தது. 115 காயப்படுத்தியது, ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 352 சண்டைக்குத் தூண்டும்படி அவமதித்தது. 351 மிரட்டியது, உட்பிரிவு 2 என்றிருந்தால் இரண்டாண்டு வரை. அப்படியானால் நான்குமே ஜாமீனில் வரக்கூடியவை. அதைவிட முக்கியம், நான்கையுமே பாதிக்கப்பட்டவர் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அந்தச் சமரசம் சட்டத்தின் பார்வையில் விடுதலைக்குச் சமம். ஃபைனுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் வீட்டுத் திண்ணையில் எழுதி வாங்கும் கையெழுத்து போதாது. மாஜிஸ்ட்ரேட் முன்போ, லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலோ பதிவாக வேண்டும். தெருப் பெரியவர் யாரையாவது அழைத்துக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மிரட்டல் தொனி மட்டும் வேண்டாம், அதுவே இன்னொரு வழக்காகும்.

அவர் இறங்கி வராவிட்டால் வழக்கை நடத்தத்தான் வேண்டும். முதலில் கை ஓங்கியது யார்? தற்காப்புக்காக அடித்தது குற்றமல்ல, தேவைக்கு மேல் போகாதவரை. உங்கள் மகனுக்கும் காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டையும், தெரு கேமரா பதிவு கிடைத்தால் அதையும் வக்கீலிடம் கொடுங்கள். குற்றப்பத்திரிகை நகலை கோர்ட் இலவசமாகத் தர வேண்டும். கன்னடம் தெரிந்த வக்கீலை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டைப் படிக்கும்போது புரியாவிட்டால், “புரியவில்லை” என்று மகன் அங்கேயே சொல்லலாம்.

தண்டனையே வந்தாலும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவரை இத்தகைய குற்றங்களில் எச்சரித்தோ, நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடலாம். அதன் 12ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. வேலை உறுதி என்று இதற்குப் பொருளில்லை. நடந்த செயலை வேலை தருபவர் கணக்கில் எடுக்கலாம்.

சரிபார்ப்புப் படிவம் வழக்கு பற்றிக் கேட்டால், சமரசமாகி முடிந்திருந்தாலும் மறைக்கக் கூடாது. சிறு வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு என்று 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரிந்தே மறைத்தவரை நீக்கவும் அதே தீர்ப்பு அனுமதிக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். சம்மனில் உள்ள தேதியன்று மகன் கட்டாயம் கோர்ட்டில் இருக்க வேண்டும். தவறினால் வாரண்ட் வரும்.