பாட்டியின் பால்மரமும் வாஷிங்டன் தூதரும்

ஐயா,

மலேசியாவின் விவசாய அமைச்சராக இருந்த முகமட் கிர் ஜொஹாரி பிறகு அமெரிக்காவுக்குத் தூதராகப் போனார். அது பதவி உயர்வா, ஓரங்கட்டலா? தூதர் என்றால் விருந்துக்குப் போய்க் கைகுலுக்குபவர்தானே? ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் பாட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
க., சுங்கை பட்டாணி

அன்புள்ள க.,

உயர்வா, ஓரங்கட்டலா என்பதைக் கோப்பிக் கடைக்கு விட்டுவிடுங்கள். கல்வி, வாணிபம், விவசாயம் என்று பல அமைச்சுகளை நடத்தியவர் 1973இல் வாஷிங்டன் போனார், அவ்வளவுதான். ஆனால் பாட்டிக்கு என்ன சம்பந்தம் என்று, அதுவும் சுங்கை பட்டாணியிலிருந்து கேட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. 1959 முதல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. சரக்கு வந்து சேரக்கூட வேண்டாம்; வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே விலை படுத்துவிடும். தோட்டத்தில் வெட்டுக்காரர் சம்பளம் ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது. எவ்வளவு விற்பது, எப்போது விற்பது என்ற முடிவு வாஷிங்டனில் இருந்தது. அங்கே நமக்காகப் பேச வேண்டியவர் யார்? நம் தூதர்தான்.

விலை விழுந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நெல் என்றால் ஒரு போகம் விடலாம். ரப்பர் நட்டு ஆறு வருடம் காத்திருந்துதான் கத்தி வைக்க முடியும். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர் விலை விழுந்தால் வெட்டைக் குறைக்கமாட்டார், கூட்டுவார். வீட்டுக்கு அரிசி வேண்டுமே! மரத்தின் பாதிச் சுற்றுக்குக் கோடு போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டுவார். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவினால் போதும். உள்ளே இருக்கும் கட்டையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது விட வேண்டும். அவசரத்தில் கத்தி அதையும் தாண்டி இறங்கினால் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். சில வருடம் கழித்து அந்தப் பக்கம் திரும்பவும் கோடு போட வந்தால் கத்தி ஓடாது. ஓய்வே கொடுக்காத மரத்திலோ பட்டை காய்ந்து பாலே நின்றுபோகும். விலை ஒரு வருடத்தில் நிமிர்ந்துவிடலாம், பட்டை நிமிராது. இதை விளங்கிக்கொண்டவர் பேசுவது வேறு, கோப்பைப் பார்த்து வாசிப்பவர் பேசுவது வேறு.

1974 கடைசியில் விலை விழுந்தது. உங்களுக்குக் கிழக்கே இருக்கும் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த நேரத்தில் வாஷிங்டனில் இருந்தவர் அலோர் ஸ்டாரில் பிறந்தவர், உங்கள் கெடா மாநிலத்துக்காரர், விவசாய அமைச்சையே நடத்தியவர். கைகுலுக்குபவர் என்று இனிமேல் எழுதாதீர்கள்.

விலை இறங்கினால் வாங்கி வைக்கவும் ஏறினால் விற்கவும் ஒரு பொதுக் கையிருப்பு வேண்டும் என்று, விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் 1979இல்தான் ஒப்பந்தம் போட்டன. அளவு ஐந்தரை லட்சம் டன். அதற்குள் எத்தனை மரம் பாழாகியிருக்கும்!

பாட்டி இருக்கிறாரா? இருந்தால் அந்த 74ஆம் வருடம் சம்பளம் எவ்வளவு இறங்கியது, ஞாயிற்றுக்கிழமையும் வெட்டினார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள்.