மழையில கிண்டர் ஸ்கவுட் ஏறலாமா?

கேள்வி: மான்செஸ்டர்ல இருக்கோம். நாலஞ்சு தமிழ்க் குடும்பம், சின்னப் பசங்களும் உண்டு, நவம்பர்ல ஒரு சனிக்கிழமை பீக் டிஸ்ட்ரிக்ட்ல ஈடேல் கிராமத்துல இருந்து கிண்டர் ஸ்கவுட் மலை ஏறலாம்னு பிளான். ஏற்பாடு நான்தான். இப்போ பார்த்தா அன்னைக்கு மழை, பலத்த காத்துன்னு சொல்றாங்க. வாட்ஸ்அப்ல கேட்டா எல்லாரும் தம்ஸ் அப் போடுறாங்க. கேன்சல் பண்ணா பயந்தாங்கொள்ளின்னு ஓட்டுவாங்களே, என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த தம்ஸ் அப்பை நம்பாதீங்க தம்பி. மத்தவங்களுக்கு ஆசை போல, நாம ஏன் கெடுப்பானேன்னு ஒவ்வொருத்தரும் போட்டிருப்பாங்க, உள்ளுக்குள்ள யாராச்சும் வேணாம்னு சொன்னா நல்லாருக்கும்னு பாதிப்பேர் உக்காந்திருப்பாங்க. இது ஓட்டெடுப்புக்கு விடுற விஷயமே இல்ல.

கிண்டர் 636 மீட்டர்தான், ஏற்காட்டுல பாதி கூட வராது, ஆனா உயரத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. மேல போனா பெரிய தட்டையான சதுப்பு, மக்கின செடியால ஆன கருப்பு பீட் மண்ணு, தண்ணி அறுத்த பள்ளம் குறுக்கும் நெடுக்குமா ஓடும், மேகம் இறங்கிடுச்சுன்னா நாலாப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வழி தெரிஞ்சவங்களே சுத்திச்சுத்தி வருவாங்க. மேற்க இருந்து காத்து பலமா அடிச்சா அங்க இருக்கற அருவித் தண்ணியே கீழ விழாம மேல பறக்கும்னா பாத்துக்கோங்க. பசங்க ஜீன்ஸ் போட்டுட்டு வந்து நனைஞ்சா காயவே காயாது, உடம்புச் சூட்டை அப்படியே உறிஞ்சிடும். நாலு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும் வேற.

அதனால கேன்சல்னு சொல்லாதீங்க, "ரூட் மாத்திட்டேன்"னு சொல்லுங்க. கேள்வியா கேக்காதீங்க, முடிவா சொல்லுங்க. அதே ட்ரெயின், அதே ஈடேல், ஆனா மேல ஏறாம பள்ளத்தாக்குலயே அப்பர் பூத்ங்கற குக்கிராமம் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்து பப்ல சூடா சூப். மெட் ஆபீஸ்ல, அதான் இங்கத்த வானிலை ஆபீஸ்ல, பீக் டிஸ்ட்ரிக்ட் மலைக்குன்னே தனியா வானிலை போடுவாங்க, மான்செஸ்டருக்குப் போடுறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. காத்துக்கு வார்னிங் குடுத்திருந்தா இதுவும் வேணாம், வேற வாரம் பாத்துக்கலாம்.

பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்றவர் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், அவர்கிட்ட மேப்பும் காம்பஸும் வெச்சு வழி பாக்கத் தெரியுமான்னு குரூப்லயே கேளுங்க. தெரியும்னா அவர் தனியா ஏறட்டும், உங்க பொறுப்புல வேணாம். மாட்டிக்கிட்டா 999 அடிச்சு போலீஸ், மவுண்டன் ரெஸ்க்யூன்னு கேக்கணும், அங்க ஓடி வர்றவங்க எல்லாம் சம்பளம் வாங்காத வாலன்டியருங்க.

மெசேஜை வெள்ளிக்கிழமை சாயங்காலமே போட்டுடுங்க, காலைல பிளாட்ஃபார்ம்ல நின்னு பேச ஆரம்பிச்சா ட்ரெயின் போயிடும்.