நர்சம்மா பதில்கள்: ஊசிக்கு அப்புறம் வந்தது, ஊசியால் வந்ததா?

நர்சம்மா, என் பேரனுக்கு ஒன்றரை வயது. இரண்டாவது எம்.ஆர். ஊசி போட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஊசி போட்ட பிறகு பேச்சு நின்றுபோனது, ஆட்டிசம் என்கிறார்கள். அதைச் சொல்லிச் சம்பந்தியம்மா போடவே கூடாது என்கிறார். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் வருகிறது. எதை நம்புவது?
– ஒரு பாட்டி, அம்மாப்பேட்டை

சம்பந்தியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். அந்தப் பையனுக்கு ஊசி போட்டதும் உண்மை, அப்புறம் பேச்சு நின்றதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் 'அதனால்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறோமே, அதைத்தான் சோதிக்க வேண்டும்.

எம்.ஆர். என்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் தடுக்கிற ஊசி. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லையே, சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வார்த்தையும் போய்விட்டதே என்று ஆட்டிசத்தின் அடையாளங்களை வீட்டில் கவனிப்பதும் இதே வயதில்தான். நம் ஊரில் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போடுகிறோம். ஆகவே ஆட்டிசம் உள்ள எந்தப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை விரித்தாலும், கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஊசி இருக்கத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை உட்காராத மரத்திலும் பழம் விழுந்ததா என்று போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

நான் ஏற்காட்டு மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது ஒரு வீட்டுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அம்மா குடகுப் பக்கம் காப்பிக்கொட்டை பறிக்கப் போய்விட்டுப் பிள்ளையோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே அம்மை ஊசிக் கட்டம் காலி. அவனும் பெயர் சொன்னால் திரும்பவில்லை. மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தகர மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தான். போடாத ஊசியால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, வீடியோவும் எடுக்கவில்லை. அந்தக் காலிக் கட்டம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் சம்பந்தியம்மா ஒரு பிள்ளையைப் பார்த்தார், நானும் ஒரு பிள்ளையைத்தான் பார்த்தேன். இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இலட்சக்கணக்கில் எண்ண வேண்டும், எண்ணியும் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே போடுவது எம்.எம்.ஆர்.; நம் எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்தது. ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் இல்லை.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-இல் லண்டனில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத பிள்ளைகள் அதில் கிடையாது. ஊசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீல் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியிருந்ததும் பின்னால் வெளியே வந்தது. 2010-இல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருஷம் அவர் மருத்துவர் பதிவும் போனது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் நடந்தபோது பள்ளிக்கூட வாசல்வரை வந்து பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போன பெற்றோர்களைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊசியில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் வரலாம், அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதை மறைத்துவிட்டு உங்களை நம்பச் சொல்வது தப்பு. மருந்தைக் கலக்குவதிலும் வைப்பதிலும் கவனம் அவ்வளவு முக்கியம். கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுத வேண்டும். நீங்களே கேட்டுப் பாருங்கள், நல்ல செவிலியர் காட்டுவார். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தெருவில் இருக்கிற அந்தப் பையனைக் காது கேட்கும் திறன் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அழைத்துப்போகிறார்களா? ஊசிச் சண்டையில் அவனை மறந்துவிடப் போகிறார்கள்.

எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபீஸ் நண்பர் சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டு மாத்திரையையே விட்டுவிட்டார். நானும் விடலாமா?
– ஒரு வாசகர், கோரிமேடு

விடாதீர்கள் தம்பி. ஆனால் அந்த இலையைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மணலை நறநறவென்று கடிப்பது போலத்தான் இருந்தது. இனிப்பு உணரும் இடத்தை அது கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. ஆனால் அது நாக்கில் நடப்பது. இரத்தத்தில் நடப்பதற்கு அதைச் சாட்சியாக்கக் கூடாது.

இரத்தத்தையும் பார்த்திருக்கிறார்கள். 1990-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 22 சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இலைச் சத்தை நாளுக்கு 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம், மாத்திரையோடு சேர்த்தே கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேரால் மாத்திரையை விட முடிந்தது, 17 பேரால் முடியவில்லை. நல்ல சேதிதான், ஆனால் 22 பேர் மிகக் குறைவு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலிப் பொடி கொடுத்துச் செய்த சோதனையும் இல்லை. கடைப் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு சத்து இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் நண்பர் அந்த ஐவரைப் போன்றவராக இருக்கலாம். சாப்பிட்டும் குறையாதவர் ஆபீசில் வந்து சொல்வதில்லையே. அவரிடம் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பொடிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுக்கும் ஆசை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிட்டால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

ஜவ்வரிசியைக் கொளுத்திக் காட்டி, பிளாஸ்டிக் என்கிறார்களே?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பக்கத்தில் பச்சரிசியையும் கொளுத்திக் காட்டினார்களா? அதுவும் எரிந்து கருகும். குச்சிக்கிழங்கு மாவில் செய்தது ஜவ்வரிசி. வேகவைத்தால் கண்ணாடி போலாகிக் கஞ்சியோடு குழையும், பிளாஸ்டிக் குழையாது. ஆறிய கஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் கருநீலமாக மாறும், அதுதான் மாவுச்சத்து. வெண்மைக்காக ரசாயனம் சேர்க்கிறார்கள் என்ற புகார் வேறு, அதில் கவலைப்பட நியாயம் உண்டு. கடையில் பளீர் வெள்ளையாக இருப்பதைத் தேடி வாங்காதீர்கள், கொஞ்சம் மங்கலாக இருப்பதே போதும்.