மார்கரீட்டாவுக்கு எந்த பாட்டில்? வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: கோடையில் நண்பர்கள் வரும்போது வீட்டிலேயே மார்கரீட்டா கலக்கலாம் என்றிருக்கிறேன்; டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவோடு ஆரஞ்சு லிக்கரும் எலுமிச்சைச் சாறும் சேரும் பானம் அது. கடையில் வெள்ளை, பொன்னிறம், பழுப்பு என்று டெக்கீலா வரிசையாக நிற்கிறது. விலையிலும் பெரிய வித்தியாசம். எதை எடுப்பது?

பதில்: நிறத்தை விடுங்கள். பாட்டிலைத் திருப்பி, ‘100% அகாவே’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பானிய மொழி லேபிள் என்றால் ‘100% டே அகாவே’ என்றிருக்கும். மெக்சிகோவின் விதிப்படி, புளிக்க வைக்கும் சர்க்கரையில் குறைந்தது 51% நீல அகாவே செடியிலிருந்து வந்தாலே அதை டெக்கீலா என்று விற்கலாம். மீதி கரும்பிலிருந்தோ சோளத்திலிருந்தோ வந்த சர்க்கரையாக இருக்கலாம். இந்தக் கலப்பு வகையை ‘மிக்ஸ்டோ’ என்பார்கள். ஆனால் லேபிளில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. வெறும் ‘டெக்கீலா’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அகாவே செடியின் படமும் ‘அகாவே’ என்ற சொல்லும் இருந்துவிட்டால் போதாது. 100% என்ற எண் இல்லையென்றால் அது கலப்பு வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 100% அகாவே டெக்கீலாவை மெக்சிகோவில் அதற்கென வரையறுத்த பகுதிக்குள்ளேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், வேறு 4 மாநிலங்களின் சில பகுதிகளும் அந்த எல்லைக்குள் வரும். கலப்பு வகையை மொத்தமாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் அடைக்க அனுமதி இருக்கிறது.

இப்போது நிறம். ‘பிளாங்கோ’ என்ற வெள்ளை வகை வடித்தவுடனேயே, அல்லது 2 மாதத்துக்குள் பாட்டிலுக்கு வந்துவிடும். ‘ரெப்போசாடோ’ 2 மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஓக் மரப் பீப்பாயில் இருந்தது. ‘அன்யெஹோ’ ஓராண்டுக்கு மேல், 3 ஆண்டு வரை. ‘கோல்ட்’ என்று விற்பதில் பெரும்பகுதி வெள்ளை டெக்கீலாவில் கேரமல் நிறம் சேர்த்ததுதான். பொன்னிறத்தைப் பார்த்து உயர்ந்த சரக்கு என்று நம்பிக் கூடுதலாகக் கொடுக்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பீப்பாயில் இருந்த வகைகளிலும் கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை 1% வரை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. ஆகவே கண்ணை வைத்து வயதைக் கணிக்க முடியாது.

மார்கரீட்டாவுக்கு என் தேர்வு 100% அகாவே பிளாங்கோ. பச்சைச் செடியின் வாசமும் மிளகுக் காரமும் எலுமிச்சைப் புளிப்பைத் தாண்டி நாக்கில் தெரியும். அன்யெஹோவுக்குக் கொடுக்கும் விலை பீப்பாயில் கிடந்த காலத்துக்கானது. எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்தால் அந்தப் பக்குவம் அடியில் போய்விடும். அதைத் தனியாகக் குடிப்பவர்களுக்கே விட்டுவிடலாம்.

லேபிளில் ‘நோம்’ என்ற எழுத்துகளோடு 4 இலக்க எண் ஒன்றும் இருக்கும். எந்த வடிசாலையில் செய்தது என்பதை அது சொல்லும். ஒரே எண் பல பிராண்டுகளில் இருப்பதைப் பார்க்கலாம். விலை அதிகமானதும் குறைவானதும் ஒரே கூரையின் கீழ் வந்திருக்கக்கூடும். உள்ளே இருப்பது ஒன்றேதான் என்று அதனால் ஆகிவிடாது. ஆனாலும் அழகான பாட்டிலுக்கு முன் தயங்கி நிற்கும்போது அந்த எண் உதவும்.

கேள்வி: ஆரஞ்சு வாசமுள்ள இனிப்பு மதுவான லிக்கருக்கும் ஒரு முழு பாட்டில் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் டாமி’ஸ் உணவகத்தில் ஹூலியோ பெர்மேஹோ அதைத் தள்ளிவிட்டு அகாவே பாகை ஊற்றினார். ‘டாமி’ஸ் மார்கரீட்டா’ இன்று உலகெங்கும் மதுக்கூடப் பட்டியல்களில் இருக்கிறது. ஒரு கிளாஸுக்கு 10 மில்லி பாகில் தொடங்கி ருசி பாருங்கள்.

ஆரஞ்சு வாசம் வேண்டும் என்றால் ‘டிரிப்பிள் செக்’ என்ற ஆரஞ்சு லிக்கரை வாங்கும்போது ஆல்கஹால் அளவைப் பாருங்கள். குவான்ட்ரோ என்ற பிராண்டில் அது 40%. மலிவான டிரிப்பிள் செக்குகள் பல 15 முதல் 30 சதவீதத்துக்குள் நிற்கும்; சர்க்கரை தூக்கலாக இருக்கும். மலிவானதை வாங்கினால் அளவைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் திறந்த பாட்டிலும் நெடுநாள் கெடாது.

கேள்வி: ‘மார்கரீட்டா மிக்ஸ்’ என்று பாட்டிலில் வருகிறதே, அது வேலையை மிச்சப்படுத்துமா?

பதில்: வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், நிறம். நல்ல டெக்கீலாவை வாங்கிவிட்டு இதை ஊற்றினால் கொடுத்த காசு அத்தனையும் வீண். எலுமிச்சை பிழிய ஒரு நிமிடம் போதும். கையில் கனமாக இருக்கும், மெல்லிய தோல் பழமாகப் பொறுக்குங்கள். பிழிந்த சாற்றை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு இது: டெக்கீலா 50 மில்லி, டிரிப்பிள் செக் 20, எலுமிச்சைச் சாறு 15. எனக்கு இது கொஞ்சம் இனிப்பு. சாற்றை 20 ஆக்கிக்கொள்கிறேன். பனிக்கட்டியை நிறையப் போட்டு, பாத்திரத்தின் வெளிப்புறம் பனி படியும்வரை, சுமார் 15 நொடி, வேகமாகக் குலுக்குங்கள். கட்டி உருகிச் சேரும் நீரும் பானத்தின் ஒரு பகுதிதான். பரிமாறும்போது புதுக் கட்டி போடுங்கள். கிளாஸின் வெளி விளிம்பில், பாதி வட்டத்துக்கு மட்டும் கல்லுப்பு ஒட்டினால் போதும். வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கலாம்.

கேள்வி: ஷேக்கர், அளவுக் கோப்பை, பிளெண்டர்?

பதில்: இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடி குலுக்கப் போதும். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. பனிக்கூழ் போன்ற மார்கரீட்டாவுக்கு மட்டும் பிளெண்டர் வேண்டும். 1971இல் டல்லாஸில் மரியானோ மார்ட்டினெஸ் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து அதைக் குழாயில் வரவழைத்தார்; அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடுங்குளிரில் இனிப்பு நாக்குக்கு மங்கித் தெரியும், ஆகவே அரைக்கும்போது பாகு சற்றுக் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: எட்டுப் பேருக்கு முன்கூட்டியே கலந்து வைக்கலாமா? வெளியே வெயிலில்தான் உட்காரப் போகிறோம்.

பதில்: தாராளமாக. டெக்கீலா 400 மில்லி, லிக்கர் 160, சாறு 160, கட்டி உருகும் நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த தண்ணீர் 160. அன்று காலையில் கலந்து குளிர்பெட்டியில் வைத்தால், பிறகு குலுக்கவே வேண்டாம்.

எலுமிச்சையை மட்டும் வீட்டுக்குள்ளேயே பிழிந்து, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். தோலில் பட்ட எலுமிச்சைச் சாற்றின் மேல் கடும் வெயில் விழுந்தால் தீப்புண் போலக் கொப்புளிக்கும். அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். கறுத்த தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். குழந்தைகள் பிழிய ஆசைப்பட்டால் அவர்கள் கையையும் மறக்காமல் கழுவிவிடுங்கள்.

விருந்தினரிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: 40% டெக்கீலாவும் 40% லிக்கரும் சேர்ந்த இந்த ஒரு கிளாஸில் சுமார் 22 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கா ஒரு பானம் என்று கணக்கிடுவது 14 கிராமை. இரண்டு கிளாஸ் குடித்தவர் மூன்று பானத்துக்கு மேல் குடித்திருக்கிறார். அவர் வண்டியை எடுக்கக் கூடாது.