நியூயார்க்கில் சூரிய மின்தகடு: 30% வரிக்கழிவு கிடைக்குமா?

வணக்கம். 2025 நவம்பரிலேயே முழுத் தொகையையும் செலுத்திவிட்டீர்கள், ஆனால் நியூயார்க்கில் உள்ள உங்கள் வீட்டுக் கூரையில் தகடு பொருத்தும் வேலை 2026 ஜனவரியில்தான் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டாட்சி அரசின் 30% வரிக்கழிவு உங்களுக்குக் கிடைக்காது. 2034 வரை நீடித்திருக்க வேண்டிய அச்சலுகையை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 31-க்குப் பிந்தைய செலவுகளுக்கு இல்லாமல் செய்துவிட்டது. பணம் கைமாறிய நாளை அல்ல, பொருத்தும் வேலை நிறைவடைந்த நாளையே செலவு செய்த நாளாக வரித்துறை கொள்கிறது. விற்பனையாளர்கள் பலர் இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை என்பது என் கணிப்பு. ஆகவே டிசம்பருக்குள் முடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமான உறுதி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், இழப்பீடு கேட்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரிப்பது நல்லது.

மாநில வரிக்கழிவு தனிச் சட்டத்தின்கீழ் வருவதால் அதை இந்த மாற்றம் தொடவில்லை. தகுதியுள்ள செலவில் 25%, அதிகபட்சம் 5,000 டாலர் வரை, 2026-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐ.டி.-255 படிவத்தின் மூலம் கோரலாம். அவ்வாண்டு வரியைவிட அது மிஞ்சினால், மீதியை அடுத்த 5 ஆண்டுகள் வரை பயன்படுத்திக்கொள்ளலாம்.